பிளெட் ஏரிக்கு அப்பால் ஒரு சுரங்கம்: ஸ்லோவேனியாவின் மேற்கு ஓரத்தை ரயிலில் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

காலை பத்தரை மணிக்கெல்லாம் பிளெட் ஏரிக்கரையில் தேர்க்கூட்டம். வெனிஸிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் வந்த பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். இறங்கியவர்கள் ஏரி நடுவே இருக்கும் தீவையும் அதன் மேல் நிற்கும் தேவாலயத்தையும் படம் எடுப்பார்கள், கிரீம் கேக் சாப்பிடுவார்கள், படகில் போய் 99 படி ஏறி மணி அடிப்பார்கள். மாலைக்குள் பஸ் கிளம்பிவிடும்.

அதே ஏரியின் மேற்குக் கரையில், மரங்களுக்குள் ஒதுங்கினாற்போல ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. நாங்கள் போன அன்று நடைமேடையில் எங்கள் இருவரைத் தவிர நான்கே பேர். அதில் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரயில் ஒரு மலைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். பஸ்ஸில் வந்த கூட்டம் அந்த மலையைத் தாண்டுவதே இல்லை.

ஐரோப்பாவில் கூட்டமில்லாத ஊர் எது என்று கேட்பவர்களுக்கு நான் ஊர்ப் பெயர் சொல்வதில்லை. சுற்றுலா பஸ் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம் போங்கள் என்பேன். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இந்தப் பாதைதான். தலைநகர் லுப்லியானாவில் கிளம்பி, போஹின், சோச்சா பள்ளத்தாக்கு, நோவா கொரிட்சா, கார்ஸ்ட் மேட்டுநிலம் என்று சுற்றி, மறுபடி லுப்லியானாவுக்கே வந்து சேரும் வளையம். எட்டு அல்லது ஒன்பது இரவு வேண்டும். கார் வேண்டாம்.

நாடு சிறியது. பரப்பளவு இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், மக்கள் தொகை 21 லட்சம் போல. 1991-இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007 முதல் யூரோவும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா என்ற ஷெங்கன் ஏற்பாடும். ஆகவே தனிப் பணம் மாற்றவோ தனி விசா எடுக்கவோ தேவையில்லை.

முதல் படி: விசாவை எந்த நாட்டில் கேட்பது

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெனிஸில் இறங்குவதால் இத்தாலி விசாதான் எடுக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. இந்தப் பயணத்தில் எட்டு இரவு ஸ்லோவேனியா, ஓர் இரவு வெனிஸ் என்றால் கேட்க வேண்டியது ஸ்லோவேனியாவிடம். இந்தியாவில் அதன் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விண்ணப்பம் வாங்கும் மையம் எது என்பதைத் தூதரக இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போனால் வாங்கமாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

யாரும் கேள்விப்படாத ஊர்களுக்குப் போகிறவர் விண்ணப்பத்தில் ஒரு விஷயம் செய்தால் நல்லது: நாள்வாரியாக, எந்த ரயிலில் எங்கே போகிறேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். பாரிஸ், ரோம் என்று எழுதினால் அதிகாரிக்கே புரியும். கோபரீத் என்ற சிற்றூரில் மூன்று இரவு என்றால் ஏன் என்று அவருக்குத் தோன்றும். அதற்கான பதில் காகிதத்திலேயே இருந்துவிட்டால் தொல்லையில்லை.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் நுழையும்போது முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. அதனால் இறங்கிய விமான நிலையத்தில் வரிசை நீளலாம். இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.

எப்போது போவது

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் போஹின் ஏரிக்கும் உள்ளூர்க்காரர்கள் குவிந்துவிடுவார்கள். போஹின் பக்கம் மழை அதிகம், ஆகவே எந்த மாதம் போனாலும் நல்ல மழைக்கோட்டு வேண்டும். குடை உதவாது, மலைக்காற்றில் ஒரே நாளில் எங்கள் குடைக் கம்பிகள் திரும்பிக்கொண்டன.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து லுப்லியானாவுக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா வழியாக வெனிஸ் போய், அங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம் போல லுப்லியானாவுக்குப் பயணிப்பது பெரும்பாலும் மலிவு. முதல் இரவு லுப்லியானாவில் தூங்கி எழுந்திருங்கள். நல்ல ஊர்தான், ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

பெயர்களைப் படிக்க ஒரு சின்னப் பயிற்சி. எழுத்துகள் ஆங்கிலம்போலத் தெரிந்தாலும் ‘ஜே’ என்பதை ‘ய’ என்றும், ‘சி’ என்பதை ‘ட்ஸ’ என்றும் உச்சரிக்க வேண்டும். சி, எஸ், இஸட் எழுத்துகளின் தலையில் சின்னக் கொக்கி இருந்தால் முறையே ச்ச, ஷ, ழ்ஷ மாதிரியான ஒலிகள். இதைப் பழகிக்கொண்டால் ரயிலில் அறிவிப்பு காதில் விழும்போது உங்கள் ஊர் வந்துவிட்டது என்று புரியும்.

இரண்டாம் படி: பிளெட்டில் இரண்டு மணி நேரம், போஹினில் மூன்று இரவு

பிளெட்டை ஒதுக்கிவிடு என்று சொல்லமாட்டேன். அழகில் குறையில்லை. காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தால் ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடந்துவிட்டு, பஸ்கள் வருவதற்குள் கிளம்பிவிடலாம். முந்திய மாலையே வந்து தங்கினால் இது எளிது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிளெட் பெயரில் இரண்டு ரயில் நிலையங்கள். லெஸ்ட்சே–பிளெட் என்பது லுப்லியானாவிலிருந்து வரும் முக்கியப் பாதையில், ஏரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிளெட் யெசெரோ என்பது ஏரிக்கரை மேட்டில், போஹின் பாதையில் இருக்கிறது. ‘யெசெரோ’ என்றால் ஏரி. சுரங்கம் வழியாகப் போக வேண்டியவர்கள் இரண்டாவதில்தான் ஏற வேண்டும். போன் காட்டிய வழியை நம்பி லெஸ்ட்சேவுக்குப் போய்விட்டு, பெட்டியோடு ஓடி வந்த ஒரு குடும்பத்தை நாங்களே பார்த்தோம்.

போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சாவில் இறங்கி, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளூர் பஸ்ஸில் போனால் போஹின் ஏரி. நாட்டின் நிரந்தர இயற்கை ஏரிகளில் இதுதான் பெரியது, 318 ஹெக்டேர். முழுக்க த்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஏரிக்குள் தீவு இல்லை, மேலே கோட்டை இல்லை, படத்துக்கு ‘போஸ்’ கொடுக்க ஒன்றுமில்லை. கூட்டம் பிளெட்டோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தங்குவதற்கு ஏரிக்கரை ஹோட்டலை விட ஸ்தாரா ஃபுழினா கிராமத்தில் வீட்டோடு இருக்கும் அறை நல்லது. ஏரிக்குக் கால் மணி நடை. கிராமத்தைத் தாண்டினால் பக்கத்து ஊர் ஸ்தூதோர். அதன் ஓரத்தில் வைக்கோல் காயப் போடும் மரப்பந்தல்கள் வரிசையாக நிற்கும். ‘கோசோலெட்ஸ்’ என்பார்கள். இரண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் அடித்து, மேலே ஓட்டுக்கூரை போட்டு, மழை அதிகமான ஊரில் புல் அழுகாமல் காற்றில் உலர வைக்கும் ஏற்பாடு. கிட்டே போய்ப் பார்த்தால் சட்டங்கள் கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகிப் போயிருக்கும். கூரைக்கு அடியில் பழைய ஏணி, துருப்பிடித்த கலப்பை, யாரோ காயப் போட்ட துணி. காட்சிக்கு வைத்தது அல்ல, இன்றும் புழங்குகிறார்கள்.

மூன்று நாளில் என்ன செய்வது? ஒரு நாள் ஏரியைச் சுற்றி நடங்கள்; 12 கிலோமீட்டர், வடகரையில் நிழல் உண்டு. இன்னொரு நாள் சவிட்சா அருவி. ஐந்நூற்றுக்கு மேல் படி ஏற வேண்டும், 78 மீட்டர் உயரத்திலிருந்து பாறையைத் துளைத்துக்கொண்டு விழுகிறது. முட்டி வலி உள்ளவர்கள் யோசியுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளை வோகல் கேபிள் காருக்கு விட்டு வையுங்கள். 1,535 மீட்டர் உயரத்தில் இறங்கினால் எதிரே நாட்டின் உச்சி, 2,864 மீட்டர் த்ரிக்லாவ். மேகம் மூடியிருந்தால் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தண்டம்; கீழே திரையில் மேலிருக்கும் கேமரா காட்சி ஓடும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏரி முனையில் கல் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் யோவான் தேவாலயத்துக்குள் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். சுவர் முழுக்கப் பல நூற்றாண்டுப் பழைய ஓவியங்கள்.

மூன்றாம் படி: சுரங்கம்

பயணத்தின் நடுப்புள்ளி இதுதான். யெசெனிட்சேயிலிருந்து நோவா கொரிட்சா போகும் இந்தப் பாதையை ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு தன் மத்தியப் பகுதிகளைத் த்ரியெஸ்தே துறைமுகத்தோடு இணைக்கப் போட்டது. 1906 ஜூலையில் திறந்துவைத்தவர் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். எட்டு வருடம் கழித்து சராயெவோவில் சுடப்பட்டு, முதல் உலகப் போர் மூளக் காரணமான அதே ஆள். அந்தப் போர் இந்தப் பாதையை ஒட்டியே வந்து நின்றது. அதை அடுத்த நிறுத்தத்தில் பார்ப்போம்.

போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சாவுக்கும் பொத்பர்தோவுக்கும் நடுவே மலையைக் குடைந்த நீளம் 6,327 மீட்டர். உள்ளே பத்து நிமிடம் போல இருட்டு, ஈரக்காற்று, சக்கரச் சத்தம். வெளியே வந்ததும் வேறு நாடு மாதிரி இருக்கும். போஹின் பக்கம் விழும் மழை சாவா ஆறாகி, டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது. பொத்பர்தோ பக்கம் விழுவது சோச்சாவாகி ஏட்ரியாட்டிக் கடலுக்கு. பொத்பர்தோவில் பள்ளத்தாக்கு குறுகலாகி, வீடுகள் செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மலை ஏறத் தயங்கும் கார்க்காரர்களுக்காக, கார்களையே ஏற்றிச் செல்லும் ரயிலும் இதே சுரங்கத்தில் ஓடுகிறது.

நாளுக்குச் சில ரயில்கள்தான். பராமரிப்பு என்று சில வாரமோ மாதமோ பாதையை மூடிவிட்டுப் பதிலுக்கு பஸ் விடுவதும் உண்டு. தேதி முடிவு செய்யும் முன் ஸ்லோவேனிய ரயில்வே தளத்தில் பார்த்துவிடுங்கள். சுரங்கம் மூடியிருந்தால் இந்தப் பயணத்தின் பாதி ருசி போய்விடும், தேதியை மாற்றுவதே மேல்.

இனி, நாங்கள் செய்த தப்பு. ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்தோம். மோஸ்த் நா சோச்சி நிலையத்தில் இறங்கினால் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. தொல்மினுக்குப் போகும் பஸ் அட்டவணையில் நேரம் போட்டிருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தும் இருந்தது. அந்த எழுத்துக்கு வேலை நாளில் மட்டும் என்று அர்த்தம் என்பது முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் புரிந்தது. காரில் வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி, “கம் க்ரெஸ்தா?” என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். தொல்மின் என்றதும் பின் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு இலக்கணச் சுவாரஸ்யம் இருந்ததை அவரே விளக்கினார். தமிழில் ஒருமை, பன்மை இரண்டுதான். சமஸ்கிருதத்தில் இருமை என்று மூன்றாவது உண்டு என்று படித்திருப்போம். ஸ்லோவேனிய மொழியில் அந்த இருமை இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ‘க்ரெஸ்தா’ என்றால் சரியாக இரண்டு பேர் போகிறீர்கள். மூன்று பேராக இருந்திருந்தால் வேறு சொல்லால் கேட்டிருப்பார்.

ஆகவே அட்டவணையில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஒத்ஹோத்’ புறப்பாடு. ‘தெலாவ்னிக்’ வேலை நாள். ‘நெதெல்யா’ ஞாயிறு. ஞாயிறன்று சட்டப்படியே பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும், பெட்ரோல் பங்க் போன்றவை மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறை ஊர் மாறாத நாளாகத் திட்டமிடுங்கள்.

நான்காம் படி: சோச்சா கரையில் மூன்று இரவு

தொல்மின் அல்லது கோபரீத், இரண்டில் ஒன்றில் தங்கலாம். நடுவே 16 கிலோமீட்டர், பஸ் உண்டு. எனக்குக் கோபரீத் பிடிக்கும். ஒரே சதுக்கம், ஒரு தேவாலயம், நான்கு தெரு.

ஆற்றின் நிறத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகை என்று நினைப்பீர்கள். சுண்ணாம்புப் பாறையில் உரசி வரும் தண்ணீர், மரகதத்தில் கொஞ்சம் பாலைக் கலந்த மாதிரி. கால் வைத்தால் ஜூன் மாதத்திலும் எலும்பு வரை குளிரும். கோபரீத்திலிருந்து ஆற்றைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்தால் கோசியாக் அருவி. உயரம் 15 மீட்டர்தான். ஆனால் பாறை கவிந்து கூடம்போல இருட்டாக மூடியிருக்க, உள்ளே ஒரே ஒரு வெள்ளைக் கீற்றாக விழுகிறது. பத்து மணிக்கு முன்னால் போனால் நீங்கள் மட்டும்தான்.

இந்த அமைதியான பள்ளத்தாக்கில்தான் 1915 மே முதல் 1917 அக்டோபர் வரை இத்தாலியும் ஆஸ்திரியா–ஹங்கேரியும் பன்னிரண்டு முறை மோதிக்கொண்டன. 1917 அக்டோபர் 24 அன்று தொடங்கிய கடைசி மோதலில் ஜெர்மன் படையும் சேர்ந்துகொள்ள, இத்தாலிய அணி உடைந்து ஓடியது. இத்தாலியில் இந்த ஊரின் பெயர் கபொரெத்தோ. தோல்விக்கே அங்கு அது மறுபெயராகிவிட்டது. கோபரீத் அருங்காட்சியகம் 1990-இல் திறந்தது, 1993-இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருது பெற்றது. யார் வென்றார் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. எல்லாத் தரப்பு வீரர்களின் முகங்களும் கடிதங்களும் ஒரே சுவரில் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்கு மேலே, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எலும்புகளை வைத்த நினைவிடம் அடுக்கடுக்காக எழும்பி நிற்கிறது. 1938-இல் முசோலினி வந்து திறந்தது. அந்தப் பிரமாண்டத்தில் துக்கத்தை விட அதிகாரம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு நேர் எதிரானது யாவோர்ட்சா. தொல்மினிலிருந்து ஒடுங்கிய மலைப்பாதையில் எட்டு கிலோமீட்டர் போல. 1916-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆஸ்திரிய–ஹங்கேரிய வீரர்கள் செத்துப் போன தங்கள் கூட்டாளிகளுக்காக மரத்தில் கட்டிய சின்னத் தேவாலயம். வடிவமைத்தவர் வியன்னா ஓவியர் ரெமிகியுஸ் கைலிங். வெளியே நேர்த்தியாக இருக்கும். உள்ளே சுவர்ப் பலகைகள் வெடிமருந்துப் பெட்டிகளின் மரம். அதில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 2,564 பெயர்களைச் சுட்டு எழுதியிருக்கிறார்கள். பலகைகள் புத்தக ஏடுகள் மாதிரி அமைந்திருக்கின்றன. ஹங்கேரியப் பெயர், செக் பெயர், ஸ்லோவேனியப் பெயர் எல்லாம் கலந்து வரும். கிட்டே குனிந்தால், எழுத்தின் ஓரத்தில் சூடு கொஞ்சம் அதிகமாகிக் கரிந்த இடங்கள் கூடத் தெரியும். எழுதியவருக்குக் கை நடுங்கியதோ என்னவோ. உள்ளே விடும் நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், தொல்மின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அதே வழியில், தொல்மின் ஆற்றுப் பிளவுகள். தேசியப் பூங்காவின் மிகத் தாழ்வான நுழைவாயில் இது, கடல் மட்டத்திலிருந்து 180 மீட்டர்தான். கோடையில் நடுப்பகலில் நெரிசல் உண்டு, காலையிலேயே முடித்துவிடுங்கள். மீதி நேரம் இருந்தால், இத்தாலிய எல்லையிலுள்ள கொலோவ்ராத் மலைமுகட்டில் பதுங்குகுழிகளைத் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு வாடகை வண்டி வேண்டும்.

சாப்பாடு

சைவர்களுக்குப் பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். ‘ப்ரெஸ் மேசா’ என்றால் இறைச்சி இல்லாமல். இதை மனப்பாடம் செய்யுங்கள். கோபரீத் பக்கம் ‘ஃப்ரிகா’ கிடைக்கும், உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் வாணலியில் முறுகலாகப் புரட்டியது. ‘ஷ்த்ரூக்லி’ என்பது மாவில் பூரணம் வைத்து வேக வைத்தது. கோபரீத் வகையில் அக்ரூட் பருப்பும் உலர்திராட்சையும் இனிப்பாக இருக்கும், நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். கோதுமை வகையைச் சேராத ‘அய்தா’ (ஆங்கிலத்தில் பக்வீட்) என்ற தானியத்தில் செய்த கஞ்சியைக் காளானோடு தருவார்கள். ‘ழ்ஷ்லிக்ரோஃபி’ என்று தொப்பி வடிவில் உருளைக்கிழங்கு வைத்த மாவுருண்டை வரும், சைவம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ‘யோத்தா’ என்ற அவரை–கோஸ் சூப்பிலும் பெரும்பாலும் புகையூட்டிய இறைச்சி இருக்கும்.

அசைவர்கள் சோச்சாவின் பளிங்கு ட்ரவுட் மீனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘கொஸ்தில்னா’ என்று பலகை போட்ட உணவகங்களில் வேலை நாள் மதியம் ‘மலிட்சா’ என்ற அளவுச் சாப்பாடு மலிவாகக் கிடைக்கும். கோபரீத்தை ஒட்டிய ஸ்தாரோ செலோவில் ஆனா ரோஷ் நடத்தும் உணவகம் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றது. அங்கே போக நினைப்பவர்கள் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். நாங்கள் வாசலைப் பார்த்துவிட்டு ஃப்ரிகா சாப்பிடத் திரும்பினோம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தங்கும் இடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

ஐந்தாம் படி: நோவா கொரிட்சா, நடுவில் கோடு போட்ட சதுக்கம்

மறுபடி மோஸ்த் நா சோச்சிக்கு வந்து அதே பாதையில் தெற்கே போனால், ஆற்றை ஒட்டி வந்து, சொல்கான் பாலத்தைத் தாண்டி நோவா கொரிட்சா. ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய கல் வளைவு இதுதான், 85 மீட்டர். 1916-இல் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. 1920-களில் இத்தாலியர்கள் திரும்பக் கட்டினார்கள். ரயிலுக்குள் இருந்தால் அது தெரியாது. கடந்துபோனது கூடத் தெரியாமல் போகும். நிலையத்தில் இறங்கி, சொல்கான் வரை நடந்துபோய் ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் பாதி ஸ்லோவேனியா, பாதி இத்தாலி. 1947 உடன்படிக்கையில் கொரிட்சியா நகரம் இத்தாலிக்குப் போனது, சுற்றுப்புறம் யுகோஸ்லாவியாவுக்கு வந்தது. நகரம் இல்லாமல் போன சுற்றுப்புறத்துக்கு 1948-இல் புதிதாக ஒரு நகரத்தையே கட்டினார்கள். அதுதான் நோவா கொரிட்சா, அதாவது புதிய கொரிட்சா. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, யுகோஸ்லாவியப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை உடைத்துக்கொண்டு பழைய நகரத்துக்குள் போனார்கள். சொந்தங்களைப் பார்த்தார்கள், கடைகளில் புகுந்து ஊரில் கிடைக்காததை எல்லாம் வாங்கினார்கள். பலர் கையில் திரும்பி வந்தது துடைப்பம். ‘துடைப்ப ஞாயிறு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சதுக்கத்து வேலியை 2004-இல்தான் எடுத்தார்கள். 2025-இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்தன.

ஒரு காலை இத்தாலியிலும் ஒரு காலை ஸ்லோவேனியாவிலும் வைத்து எல்லோரும் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். ஆனால் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்: 2023 அக்டோபரில் இத்தாலி இந்த எல்லையில் மறுபடி சோதனையைக் கொண்டுவந்தது.

கொஸ்தான்யெவிட்சா மடம் குன்றின் மேல். பிரான்ஸின் கடைசி போர்பன் மன்னர் பத்தாம் சார்ல் நாடு கடத்தப்பட்டு கொரிட்சியாவுக்கு வந்து 1836-இல் காலராவில் இறந்தார். மடத்துக்கு அடியில் கல்லறை. ஓர் இரவு போதும். வைன், செர்ரி பிடித்தவர்கள் இன்னொரு நாளை கொரிஷ்கா பர்தா குன்றுகளுக்குக் கொடுக்கலாம்.

கடைசிப் படி: கார்ஸ்ட், திரும்பும் வழி

நோவா கொரிட்சாவிலிருந்து செழானா போகும் ரயிலில் நடுவே ஷ்தான்யெல். கல் வீடு, கல் கூரை, கல் சந்து. மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். செழானாவில் ரயில் மாறி திவாச்சா.

புவியியல் பாடத்தில் ‘கார்ஸ்ட் நிலத்தோற்றம்’ என்று படித்திருப்பீர்களே, அந்தச் சொல் இந்த மேட்டுநிலத்தின் பெயரிலிருந்து போனதுதான். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் கரைத்து, ஆறே பூமிக்குள் இறங்கிவிடும் நிலம். பஸ்கள் போவது போஸ்தோய்னா குகைக்கு. அங்கே 1872 முதல் உள்ளேயே ரயில் ஓடுகிறது. நீங்கள் போக வேண்டியது ஷ்கோட்சியான். 1986-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரேகா என்ற ஆறு குகைக்குள் புகுந்து ஓட, அதற்கு 45 மீட்டருக்கு மேலே ஒரு பாலத்தில் நடக்க வைக்கிறார்கள். கீழே விளக்கொளியில் நீர் ஒரு நூலாகத் தெரியும், இரைச்சல் மட்டும் முழுதாக மேலே வரும். உள்ளே மறைந்த ஆறு இத்தாலியில் கடலோரத்தில் வெளியே வருகிறது. வழிகாட்டியோடு குறித்த நேரத்தில்தான் விடுவார்கள், உள்ளே படம் எடுக்கக் கூடாது, 12 டிகிரிக் குளிர், ஐந்நூறு படி போல. ஸ்வெட்டரும் வழுக்காத காலணியும் இல்லாமல் போகாதீர்கள்.

திவாச்சா நிலையத்திலிருந்து குகைக்கு மூன்று கிலோமீட்டர் போல, காட்டுவழி, அடையாளப் பலகை உண்டு. லுப்லியானா திரும்பும் ரயில் இங்கிருந்தே. ஞாயிறு மாலை ரயிலில் வேண்டாம், விடுமுறை முடிந்து திரும்பும் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பி வழியும். திவாச்சாவில் இறங்கியதுமே, திரும்பும் ரயில் நேரங்களை நடைமேடை அட்டவணையிலிருந்து படம் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.